பவுண்டன் பேனா நிப் எந்தத் தாளில் எப்படி எழுதும்? சோதித்துத் தெரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே பேனா, ஒரே மை. ஒரு தாளில் மெல்லிய கோடு சுத்தமாக விழுகிறது. இன்னொன்றில் அதே கோடு தடித்துப் பிசிறடிக்கிறது. மூன்றாவது தாளில் எழுத்து விட்டுவிட்டு விழுகிறது. பெரும்பாலானவர்கள் உடனே நிப்பைச் சந்தேகப்பட்டு அதை வளைக்கவும் தேய்க்கவும் தொடங்கிவிடுகிறார்கள். தேய்ந்த நிப் முனை திரும்ப வராது. அதனால் முதலில் தாளைச் சோதிக்க வேண்டும், அடுத்து மையை மாற்றிப் பார்க்க வேண்டும், கடைசியாகத்தான் நிப்பில் கை வைக்க வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

நிப் தாளைத் தொடும்போது நடப்பது

நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு, உள்ளேயிருந்து மையை நிப்பின் பிளவுக்குக் கொண்டுவருகிறது. வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போவதும் அதன் வழியாகத்தான். பிளவு முனையை நோக்கிக் குறுகுவதால் நுண்புழை ஈர்ப்பு மையை நுனிவரை இழுத்துவந்து அங்கேயே பிடித்துவைக்கிறது. நுனியில் இருக்கும் கடின உலோகக் குமிழ் தாளைத் தொட்டதும், தாளின் நார்களுக்கு இடையே உள்ள இடுக்குகள் மையைத் தம் பக்கம் இழுக்கின்றன. அழுத்தாமலே பவுண்டன் பேனா எழுதுவதற்குக் காரணம் இந்த இழுப்புதான். இழுப்பு அதிகமான தாளில் கோடு தடிக்கும். இழுப்பே இல்லாத தாளில் மை நிப்பை விட்டு இறங்கத் தயங்கும்.

இழுப்பின் அளவைத் தீர்மானிப்பதில் முதலிடம் சைஸிங்குக்கு. காகித ஆலையில் நீரை எதிர்க்கும் பொருளைக் கூழிலேயே கலப்பார்கள். ரோசின் பழைய முறை, ஏகேடி போன்ற செயற்கைப் பொருட்கள் இன்றைய முறை. அதோடு தாள் உருவான பிறகு மேலே ஸ்டார்ச் பூசுவதும் உண்டு. ஓவியத் தாள்களில் ஜெலட்டின் பூசுவார்கள். இரண்டாவது காரணி, உருளைகளுக்கு நடுவே அழுத்தி மேற்பரப்பை எவ்வளவு மழமழப்பாக்கியிருக்கிறார்கள் என்பது. மூன்றாவது, கால்சியம் கார்பனேட், களிமண் போன்ற நிரப்பிகளும் பூச்சுகளும்.

கடையில் எல்லோரும் முதலில் பார்க்கும் ஜிஎஸ்எம் எண் இந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். 52 ஜிஎஸ்எம் டொமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் விரலுக்குள் கசங்கும் அளவுக்கு மெல்லியது, ஆனாலும் அதில் மை பிசிறடிப்பதில்லை. 100 ஜிஎஸ்எம் என்று அச்சிட்ட நோட்டில் பின்பக்கம்வரை மை ஊறிவிடுவதும் உண்டு. எடை கூடினால் பின்பக்கத்தில் எழுத்தின் நிழல் குறைவாகத் தெரியும். மை பரவாது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

படி 1: பேனாவைத் தயார்செய்தல்

அழுக்கு நிப்பை வைத்துத் தாளைச் சோதித்தால் முடிவு தப்பாகத்தான் வரும். சாதாரணத் தண்ணீரை இழுத்து வெளியேற்றி, நீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். பழைய மை காய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு டம்ளர் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு அலசுங்கள். பிறகு வெறும் நீரில் நன்றாகக் கழுவி அந்தச் சோப்பு முழுவதையும் வெளியேற்றுங்கள். சோப்பு மிஞ்சினால் மையின் பரப்பு இழுவிசை குறையும். எந்தத் தாளிலும் பிசிறடிக்கும்.

நாக்கின் மெல்லிய வரிப்பள்ளங்களில் நீர் தங்கும். நிப்பைக் கீழ்நோக்கி மென்தாளில் சுற்றி நிறுத்தி, சில மணிநேரம் உலரவிட்டு மை நிரப்புங்கள். அவசரமாக நிரப்பினால் முதல் அரைப் பக்கம் வெளிறிப் போகும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சோதனைக்குத் தேவையானவை: ஒரே மை, குறைந்தது இரண்டு அளவு நிப் (மெல்லிய ஃபைனும் தடித்த பிராடும் இருந்தால் நல்லது), மூன்று நான்கு வகைத் தாள், சொட்டு மருந்துக் குழாய், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், அடியில் வைக்கக் கெட்டியான அட்டை. ஒரு தாளை மேசைமேலும் இன்னொன்றைத் தடித்த நோட்டின்மேலும் வைத்து எழுதி ஒப்பிடக் கூடாது. மெத்தென்ற அடிப்பரப்பில் நிப் சற்றே அமிழ்ந்து தொடும் பரப்பு கூடிவிடும்.

படி 2: நீர்த்துளிச் சோதனை

பேனாவைத் தொடும் முன்பே தாளைப் பற்றிப் பாதி விவரம் தெரிந்துவிடும். தாளின் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டு, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சைஸிங் நன்றாக உள்ள தாளில் துளி குமிழாக நிற்கும். சில நொடிகளிலேயே தட்டையாகி ஓரம் கருமையாகப் பரவினால், அந்தத் தாள் மையையும் அப்படித்தான் குடிக்கும். முதல் ஒரு நிமிடத்தில் நடப்பதை மட்டும் ஒப்பிட்டால் போதும். காகித ஆலைகள் செய்யும் காப் சோதனையின் அடிப்படையும் இதுதான். வழக்கமாக 60 நொடியில் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் நீரை உறிஞ்சுகிறது என்று அங்கே எடைபோட்டு அளப்பார்கள்.

தாளின் இரு பக்கத்தையும் சோதியுங்கள். கூழ் கம்பிவலையின்மேல் படிந்து நீர் வடிவதால் வலைப்பக்கமும் மேல்பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. விளக்கைத் தாழ்வாகப் பக்கத்தில் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று கண்ணுக்கே தெரியும். நோட்டில் வலப்பக்கம் நன்றாகவும் இடப்பக்கம் பிசிறாகவும் எழுதினால், முதலில் பார்க்க வேண்டிய காரணம் இது.

படி 3: எழுதிப் பார்த்தல்

ஒவ்வொரு தாளிலும் கீழ்க்காண்பவற்றை இதே வரிசையில், அழுத்தமின்றி, வழக்கமாகப் பிடிக்கும் சாய்வில் எழுதுங்கள். பெரும்பாலான நிப்புகளுக்கு 45 முதல் 55 டிகிரி வரை பொருந்தும்.

1. நான்கு திசையிலும் நேர்கோடுகள்: மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.
2. நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு முறை எட்டு வடிவம்.
3. வேகமான குறுக்குக் கோடுகள், சுமார் இரண்டு விரல் அகலத்துக்கு.
4. ஓய்வுப்புள்ளி: நிப்பைத் தாளில் வைத்து ஐந்து நொடி அசையாமல் பிடித்து எடுங்கள்.
5. ண, ணை, ஞ, இ, ழ, க், ங் ஆகிய எழுத்துகள், உங்கள் வழக்கமான அளவில் ஒன்று, அதில் பாதி அளவில் ஒன்று.
6. ஐந்து சிறு கோடுகள். எழுதிய 5, 10, 15, 20, 30 நொடிகளில் ஒவ்வொன்றையும் உலர்ந்த விரலால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

ஐந்தாவதுதான் தமிழில் எழுதுபவர்களுக்கு மிகவும் பயன்படும். ண என்ற எழுத்தின் அடுத்தடுத்த சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம்தான் அளவுகோல். ஒரு வரி 7 மி.மீ. உயரம் என்றால், உயிர்மெய்க் குறிகளுக்கு இடம் விட்டபின் எழுத்தின் உடலுக்கு 3 மி.மீ. கிடைத்தாலே அதிகம். அந்த உயரத்தில் சுழியின் உட்பகுதி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். மீடியம் நிப்பின் கோடு மை குடிக்கும் தாளில் 0.9 மி.மீ. ஆகிவிட்டால் சுழி அடைந்து, ஞ எது, ண எது என்று தேட வேண்டியிருக்கும். க் என்று எழுதும்போது புள்ளி வட்டமாக நிற்கிறதா, சிலந்திக் கால்போலக் கிளைவிடுகிறதா என்பதையும் லூப்பில் பாருங்கள். புள்ளி வைக்கும்போது நிப் ஒரு கணம் நின்றுவிடுவதால் தாளின் குணம் அங்கேதான் முதலில் வெளிப்படும்.

பின்பக்கத்தைப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், மறுநாளும் ஒருமுறை பாருங்கள். எழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தால் தாள் மெல்லியது என்று பொருள். மையே புள்ளி புள்ளியாக வந்திருந்தால் ஊறிவிட்டது. முன்னதை மை மாற்றிச் சரிசெய்ய முடியாது, பின்னதை முடியும்.

நிப் அளவு காட்டுவதும் தாள் காட்டுவதும்

நிப்பில் பொறித்த எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. தோராயமாக ஃபைன் 0.5 மி.மீ., மீடியம் 0.7, பிராட் 1.0 என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய நிப்புகள் பொதுவாக ஐரோப்பிய நிப்புகளைவிட ஒரு படி மெல்லியவை.

தாள் இந்த அளவைப் பெருக்குவதில்லை, கூட்டுகிறது. உதாரணத்துக்கு, ஒரு தாள் கோட்டின் இரு ஓரத்திலும் 0.1 மி.மீ. பரப்புகிறது என்று கொள்வோம். 0.4 மி.மீ. கோடு 0.6 ஆகும், அதாவது ஒன்றரை மடங்கு. 1.0 மி.மீ. கோடு 1.2 தான் ஆகும். அதனால் மெல்லிய நிப் வைத்திருப்பவர்தான் மட்டமான தாளில் அதிகம் ஏமாற்றமடைகிறார். ஃபைன் நிப் வாங்கியும் மீடியம்போல எழுதுகிறது என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நடைமுறையில் பிராட் நிப் அதிக மையைக் கொட்டுவதால் அதன் பரவலும் கூடும், ஆனால் அது பரவலைவிட ஊறலாகவும் காயத் தாமதமாகவும் வெளிப்படும்.

முனை தட்டையாக இருக்கும் ஸ்டப், இட்டாலிக் நிப்புகளுக்கு இந்தக் கூட்டல் இன்னும் கொடுமை. 1.1 மி.மீ. ஸ்டப் கீழ்நோக்கி 1.1, குறுக்காக 0.4 போடுகிறது என்றால் தடிப்புக்கும் மெலிவுக்கும் விகிதம் 2.75. இரண்டோடும் 0.2 சேர்த்தால் 1.3, 0.6, விகிதம் 2.2-க்கும் கீழே வந்துவிடும். தடிப்பு மெலிவு அழகுக்காகவே வாங்கிய நிப்பைச் சைஸிங் இல்லாத தாளில் பயன்படுத்துவதில் எந்தப் பலனும் இல்லை.

படி 4: விளைவைப் படித்துக் காரணத்தைப் பிடித்தல்

*ஒரு தாளில் மட்டும் பிசிறு.* தாள்தான் காரணம். எல்லாத் தாளிலும் பிசிறு என்றால் மை மிகவும் நீர்த்திருக்கிறது, அல்லது பேனாவில் சோப்பு மிஞ்சியிருக்கிறது, அல்லது தாள்கள் ஈரக்காற்றில் கிடந்திருக்கின்றன. ஈரம் ஏறிய தாளில் சைஸிங்கின் பிடி தளர்ந்து, நேற்று நன்றாக எழுதிய நோட்டே இன்று பிசிறடிக்கும். அந்த நோட்டை மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு இரண்டு நாள் வைத்து மறுபடி சோதியுங்கள்.

*மழமழத் தாளில் மட்டும் எழுத்து விட்டுவிட்டு விழுதல்.* குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் காரணம் கை எண்ணெய். உள்ளங்கை உரசிய இடத்தில் மெல்லிய பசை படிந்து மையைத் தள்ளிவிடுகிறது. பக்கத்தின் மேற்பகுதியில் நன்றாக எழுதி, கீழே போகப்போகக் கோடு உடைந்தால் இதுதான். வேறு பேனாவால் அதே இடத்தில் எழுதுங்கள். அதுவும் தடுமாறினால் உறுதி. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் நிப் முனையின் வடிவம். குமிழை அளவுக்கு மீறி மெருகேற்றும்போது பிளவின் உள்விளிம்புகள் இரண்டும் உருண்டு, நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். மை பள்ளத்தின் அடியில் நிற்கிறது, தாளைத் தொடுவது இருபுற மேடுகள் மட்டுமே. சாதாரணத் தாளில் எழுந்து நிற்கும் நார்கள் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து மையைத் தொட்டுவிடுகின்றன. அதனால் அங்கே குறை தெரியாது. பூச்சுள்ள வழவழப்பான தாளில் எட்டிப் பிடிக்க நாரே இல்லை. அடையாளம்: சொல்லின் முதல் கோடுதான் பெரும்பாலும் விழாது, லேசாக அழுத்தினால் விழும், தாளின் எந்த இடத்திலும் அப்படியே நடக்கும். நிப்பை நேர் எதிரே பிடித்து லூப்பில் பார்த்தால் இரு கன்னங்களும் நடுவில் ஆங்கில வி போன்ற வெட்டும் தெரியும். ‘வெண்ணெய்போல எழுதுகிறது’ என்று பாராட்டப்படும் நிப்புகளில்தான் இந்தக் குறை அதிகம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

*கீறும் உணர்வு.* எல்லாத் திசையிலும் சமமாகக் கீறினால் தாளின் சொரசொரப்பு, அல்லது மிக மெல்லிய நிப்பின் இயல்பு. ஒரே திசையில் மட்டும் கீறினால் நிப்பின் இரு கிளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. வலப்பக்கம் இழுக்கும்போது கீறினால் இடக் கிளை தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் என்றால் வலக் கிளை. தாழ்ந்த கிளையின் உள்விளிம்பு முன்னே போய்த் தாளைக் கொத்துவதே காரணம். லூப்பில் உறுதிசெய்துகொண்டு, தாழ்ந்த கிளையை நகத்தால் மெதுவாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து விடுங்கள். ஒரு தடவை, பிறகு லூப், மறுபடி ஒரு தடவை என்றே போக வேண்டும்.

*நடுவில் திடீரென்று கோடு தடித்து மங்கலாதல்.* பிளவுக்குள் தாளின் நார் சிக்கியிருக்கிறது. மெத்தென்ற, பூச்சில்லாத தாளும் கூர்மையான எக்ஸ்ட்ரா ஃபைன் நிப்பும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைப் பிளவில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் நார் வெளியே வரும். பிளேடு வேண்டாம், அது பிளவின் உட்சுவரையே கீறிவிடும்.

*அரைப் பக்கத்துக்குப் பின் கோடு வெளிறுதல்.* தாள் கேட்கும் வேகத்தில் நாக்கால் மை தர முடியவில்லை. பிராட் நிப், மை குடிக்கும் தாள், வேகமான கை மூன்றும் சேர்ந்தால் நல்ல பேனாவும் திணறும். கெட்டிச் சைஸிங் தாளில் அதே பேனா பக்கம் முழுதும் சீராக எழுதினால் பேனாவில் குறையில்லை. அங்கேயும் வெளிறினால் நாக்கைக் கழற்றிக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

தாள் வகைக்கு ஏற்ற சேர்க்கை

நகல் எடுக்கும் 75, 80 ஜிஎஸ்எம் தாள் டோனருக்காகச் செய்தது. மையைத் தாங்கும் திறன் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எக்ஸ்ட்ரா ஃபைன் அல்லது ஃபைன் நிப், குறைவாக ஓடும் வறண்ட மை, இரண்டும் இதற்குப் பொருந்தும். மறுசுழற்சித் தாளில் நார்கள் குட்டையானவை, பிசிறும் அதிகம். இங்கே இரும்புச்சத்துள்ள அயர்ன் கால் மை கைகொடுக்கும். அது சாதாரணச் சாய மைபோல எளிதில் பரவாது, காயக் காயக் கறுத்து நிலைத்துவிடும். ஆனால் அமிலத்தன்மை உள்ளது. பேனாவில் காயவிடாமல் மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும்.

கிளேர்ஃபோன்டேன் 90 ஜிஎஸ்எம், ரோடியா 80 ஜிஎஸ்எம் போன்ற கெட்டிச் சைஸிங் தாள்களில் பிராட், ஸ்டப், வளையும் நிப் எல்லாமே தம் குணத்தைக் காட்டும். மை மேலேயே தேங்கிக் காய்வதால் ஒரே எழுத்துக்குள் வெளிர்நிறமும் கருநிறமும் தெரியும். டொமோயே ரிவரில் இது உச்சம். சில மைகள் அதில் ஓரங்களில் வேறு நிற மினுக்கமே காட்டும். விலையாகக் கொடுப்பது காயும் நேரம். அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், இடக்கையால் எழுதுபவர்களுக்கு இது உண்மையான தடை. டொமோயே ரிவரை முதலில் டொமோயேகாவா நிறுவனம் செய்தது, இப்போது சான்சென் செய்கிறது. பழைய இருப்பையும் புதியதையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பருத்தித் தாள், வரிமேடு உள்ள லெய்டு தாள், நீர்வண்ணத் தாள் ஆகியவற்றில் மேற்பரப்பு மேடுபள்ளமானது. மெல்லிய நிப் பள்ளத்தில் இறங்கி நாரைப் பிடுங்கும். கூர்மையான இட்டாலிக்கின் மூலைகள் மேட்டில் மாட்டும். உருண்ட மீடியமே நிதானமாகப் போகும். பளபளப்பான கலைத் தாளும் டிரேசிங் தாளும் பவுண்டன் பேனாவுக்கு ஆகாது. முன்னதில் மை காயாமல் இழுபடும், பின்னது ஈரம் பட்டுச் சுருங்கும்.

வளையும் நிப்புக்கு ஒரு தனி எச்சரிக்கை. அழுத்தும்போது கிளைகள் விரிந்து, நடுவில் மை நிரம்பாவிட்டால் இரட்டைத் தண்டவாளம்போல இரண்டு கோடுகள் விழும். வழவழத் தாளில் வேகமாக இழுத்தால் இது கூடும். வேகத்தைக் குறைப்பதும் சற்றே தாராளமாக ஓடும் மையைப் போடுவதும்தான் வழி.

படி 5: மாற்றும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் தாளின் மறுபக்கம், அடியட்டை, எழுதும் வேகம். அடுத்து மை: பிசிறும் ஊறலும் இருந்தால் பெலிகன் 4001 போன்ற வறண்ட மை, எழுத்து விட்டுப்போனால் பைலட் இரோஷிசுகு போன்ற இளக்கமான மை. அதற்கும் பிறகு நிப் அளவு.

எதுவும் பலிக்காதபோதுதான் தேய்ப்பு. கிளைகள் சம மட்டத்தில் இருப்பதை லூப்பில் உறுதிசெய்யாமல் தேய்க்கவே கூடாது. 12000 கிரிட் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகு அட்டையில், எழுதும் அதே சாய்வில், அழுத்தமின்றி எட்டு வடிவம் பத்து நொடி. துடைத்து, முன்பு சோதித்த அதே தாள்களில் எழுதிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு பத்து நொடி. நடுப்பள்ளம் விழுந்த நிப்புக்கு இந்த மெருகு அட்டை உதவாது, பள்ளத்தை இன்னும் உருட்டிவிடும். இருபுற மேட்டையும் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும், அதற்குக் குமிழின் உலோகத்தைக் கணிசமாக இழக்க நேரும். அதைப் பழகிய கையிடம் கொடுப்பது நல்லது. அதுவரை அந்தப் பேனாவைச் சாதாரணத் தாளுக்கு ஒதுக்கிவிடலாம்.

சோதித்த தாள்களில் ஓரத்திலேயே தாளின் பெயர், பக்கம், நிப், மை, தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். நோட்டு தீர்ந்து அதே பெயரில் புதிது வாங்கும்போது, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்து நீர்த்துளியும் ண வரியும் மட்டும் மறுபடி செய்யுங்கள். ஒரே அட்டை, ஒரே ஜிஎஸ்எம் இருந்தும் ஆலை மாறினால் தாள் மாறிவிடும், உறையில் அது எழுதியிருக்காது.